செவ்வாய்க்கிழமை மட்டும்

எனக்கு டைப்பிங் நன்றாக வரும். பத்தாம் வகுப்பு லீவில் ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பாதிப் பேரைப் போல நானும் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் லோயர், ஹையர் முடித்தேன், நான்கிலும் ஃபர்ஸ்ட் கிளாஸ். எங்கள் மாஸ்டர் என் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டிவைத்து, இதில் ஒரு தப்பு கண்டுபிடிப்பவருக்குக் காபி வாங்கித் தருகிறேன் என்பார். கடைசிவரை யாருக்கும் காபி கிடைக்கவில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் மேடம், உங்கள் மேஜைமேல் இருக்கும் அந்தக் கடிதத்துக்காகத்தான். நான் வேலை பார்த்த கிளினிக்கின் வக்கீல் உங்களுக்கு எழுதிய பதில் அது. உப்பிலியபுரத்தைச் சேர்ந்த பவுனம்மாள், வயது ஐம்பத்தெட்டு, மாத்திரை அளவுக்கு மீறி உள்ளே போனதால் இறந்தார். அதற்குக் காரணம் ‘தட்டச்சரின் கவனக்குறைவால் நேர்ந்த தட்டச்சுப் பிழை’ என்று அதில் போட்டிருக்கிறார். அந்தத் தட்டச்சர் நான்தான். பெயர் ஜாஹ்னவி, அப்பா பெயர் அழகியமணவாளன், கீழ உத்தர வீதி, ஸ்ரீரங்கம். நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகத்தான் வந்தேன். அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்பதையும் உங்கள் ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும்.

நான் தட்டச்சர் இல்லை. டாக்டர். கிர்கிஸ்தானில் பிஷ்கெக் நகரத்தில் ஆறு வருஷம் எம்.பி.பி.எஸ். படித்தேன். மடி, ஆசாரம் என்று வளர்ந்த வீட்டுப் பெண், மைனஸ் இருபது குளிரில் பிணத்தைக் கூறுபோட்டு நரம்பு நரம்பாகப் பெயர் சொன்னேன். ராத்திரி ரூமுக்கு வந்து தயிர்சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டேன். கொரோனா வந்தது, எல்லாரையும் ஊருக்கு அனுப்பினார்கள், ஒன்றரை வருஷப் பாடம் மொபைலில் நடந்தது. அதற்கு நானா பொறுப்பு? ஆனால் தண்டனை எனக்குத்தான் வந்தது. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே எழுதவேண்டிய பரீட்சையை மூன்றாம் தடவையில் பாஸ் செய்துவிட்டு நின்றால், ஆன்லைனில் படித்த காலத்துக்கு ஈடாக ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன் போதாது, இரண்டு வருஷம் என்றார்கள். சரி, இரண்டு வருஷம் செய்கிறேன், இடம் கொடுங்கள் என்றால் இடம் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அதைத்தான் பார்த்தேன். இடம் ஒதுக்கும் பட்டியல் வரும்போதெல்லாம் என் பெயரைத் தேடுவேன். இருக்காது. ஹவுஸ் சர்ஜன் முடிக்காதவளுக்குப் பதிவு எண் கிடையாது. பதிவு எண் இல்லாதவள் பெற்ற அம்மாவுக்குக்கூடக் காய்ச்சல் மாத்திரை எழுதித் தரக்கூடாது.

எங்கள் வீதியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் ஊருக்கு வந்த வாரமே அப்பா ‘டாக்டர் ஜாஹ்னவி’ என்று பித்தளையில் பெயர்ப்பலகை செய்து வைத்துவிட்டார். அது நியூஸ்பேப்பர் சுற்றியபடி பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது. அப்பா தினமும் கோயிலுக்குப் போகும்போது யாராவது கேட்பார்கள், பெண் எந்த ஆஸ்பத்திரி என்று. அவரும் ‘பெருமாள் அனுக்ரஹம், சீக்கிரம் ஆயிடும்’ என்பார். எதிராத்து மாமிக்கு நான் இரண்டு வருஷம் இனாமாக பி.பி. பார்த்தேன். அந்த மாமி ஒருநாள் கையை நீட்டிக்கொண்டே, ‘ஏண்டி ஜானு, நீ இன்னும் டாக்டர் ஆகலையாமே, அப்போ இது சரியாத்தான் காட்டறதா?’ என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே மெஷினைக் கழற்றினேன். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

பிறகு ஒரு கூட்டத்துக்குப் போனேன். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஹோட்டல் ஹாலில், வெளிநாட்டில் படித்துவிட்டு இடத்துக்காகக் காத்திருக்கும் டாக்டர்களுக்கு மாற்று வேலைகள் என்று போட்டிருந்தார்கள். என்னைப்போல நூறு பேர் உட்கார்ந்திருந்தோம். கோட்டு போட்ட ஒருவர் வந்து, மெடிக்கல் கோடிங் பண்ணலாம், இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பார்க்கலாம், மருந்து கம்பெனியில் பக்கவிளைவு ரிப்போர்ட் எழுதலாம், டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை டைப் அடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். டாக்டராகத்தான் இருக்கவேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் வாழ்க்கை அழகானது என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த ஆள்மேல் எனக்கு இன்றுவரை கோபம் அடங்கவில்லை. வெளியே வந்தபோது கையில் ஒரு விலாசம் இருந்தது: தில்லை நகரில் மூட்டுநோய் டாக்டர் முருகானந்தம், டைப்பிங் தெரிந்த, மருத்துவம் படித்த ஆள் தேவை.

அங்கே பதினான்கு மாதம் வேலை பார்த்தேன். அவர் மேஜைக்குப் பக்கவாட்டில் எனக்கு ஒரு சின்ன மேஜை. அவர் நோயாளியைப் பார்த்துக்கொண்டே பேசுவார், நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். நோயாளிகள் என்னை எழுதுற பொண்ணு என்பார்கள். டாக்டர் ரைட்டரம்மா என்பார். உங்கள் ஸ்டேஷனிலும் ரைட்டர் என்று ஒருவர் இருக்கிறாரே, அதே உத்தியோகம்தான்.

அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் துறையூர், முசிறி, உப்பிலியபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்கள். டாக்டரின் இங்கிலீஷ் சீட்டு அவர்களுக்குப் புரியாது. மருந்துக் கவுன்டரில் சொல்வது பஸ் ஏறுவதற்குள் மறந்துபோகும். அதனால் நான் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு தமிழ்ச் சீட்டு உண்டாக்கினேன். மாத்திரையின் பெயர், என்ன நிறம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, பக்கத்தில் திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டம். எந்த நாளில் சாப்பிட வேண்டுமோ அந்தக் கட்டத்தில் டிக் இருக்கும். நான் டிக் போட்டால்தான் டிக், தானாக எதுவும் விழாது. அந்தச் சீட்டு வந்த பிறகு யாரும் டாக்டர் சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. கவுன்டரில் இருந்த ஆசீர்கூட என் சீட்டைப் பார்த்துத்தான் மாத்திரை எண்ணிக் கொடுப்பார்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். மூட்டுவாதத்துக்கு ஒரு மாத்திரை இருக்கிறது. வாரத்தில் ஒரே ஒருநாள்தான் சாப்பிடவேண்டும். தினமும் சாப்பிட்டால் வாய் வெந்துபோகும், பிறகு எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோகும். ஆளுக்கு ஒரு கிழமை என்றால் குழப்பம் வரும் என்று டாக்டர் எல்லாருக்கும் செவ்வாய்க்கிழமையையே வைத்திருந்தார். அந்த மாத்திரைக்கே கிளினிக்கில் செவ்வாய் மாத்திரை என்றுதான் பெயர். செவ்வாய்தோறும் காலையில் நான் அந்த நோயாளிகளுக்கெல்லாம் வரிசையாகப் போன் போட்டு, இன்றைக்கு மாத்திரை நாள் என்று ஞாபகப்படுத்துவேன். இதுவும் நான் கொண்டுவந்த ஏற்பாடுதான்.

டாக்டருக்கு அறுபத்தெட்டு வயது. தப்பு செய்வார். இடது முழங்கால் என்று சொல்லவேண்டியதை வலது என்பார். போன மாதம் நிறுத்திய மாத்திரையை மறுபடி சொல்வார். சர்க்கரை உள்ளவருக்குக் கொடுக்கக்கூடாத ஊசியை ஒருமுறை சொன்னார். நான் சத்தமில்லாமல் திருத்தி எழுதிவிடுவேன். கையெழுத்துப் போடும்போது பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். முதல் ஒன்பது மாதத்தில் பதினோரு தப்பு. எல்லாம் எனக்கு மனப்பாடம், தேதியோடு சொல்வேன். அந்தக் கிளினிக்கில் உண்மையான டாக்டர் யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஒரு பெரியவருக்கு வலிமாத்திரை சொன்னார். அவருக்குச் சிறுநீரகம் சரியில்லை, ரிப்போர்ட் என் முன்னால் இருந்தது. வழக்கம்போல மௌனமாகத் திருத்தியிருக்கலாம். அன்று என்னவோ வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், இந்த மாத்திரை இவருக்கு ஆகாது சார் என்று. ரூமில் நாலு பேர் இருந்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

‘நீ டாக்டரா, நான் டாக்டரா? நான் சொல்றத மட்டும் எழுது. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.’

நாலு பேரில் ஒருவர் சிரித்தார். டாக்டர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் காபி கொண்டுவரச் சொல்லி எனக்கும் ஒன்று கொடுத்தார், அந்த மாத்திரையையும் தானே மாற்றிவிட்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான். காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டியில் வரும்போது அந்த வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். சரி சார், நீங்கள் சொல்வதை மட்டும் எழுதுகிறேன் என்று முடிவு செய்தேன். இதில் என்ன குற்றம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். முதலாளி சொன்னதைச் செய்வது வேலைக்காரி தர்மம்.

அன்றிலிருந்து திருத்துவதை நிறுத்தினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. அவர் வாயால் அவர் கெடட்டும், அப்போது என் அருமை தெரியும் என்று காத்திருந்தேன்.

ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. நான் திருத்துவதில்லை என்று தெரிந்ததும் அவர் நிதானமாகிவிட்டார். பழைய சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். சந்தேகம் வந்தால் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். வாய் தவறிச் சொன்னாலும் பத்து விநாடிக்குள், இரும்மா, அதை மாத்து என்றார். மிஞ்சியதை ஆசீர் கவுன்டரில் பிடித்துவிடுவார். நான்கு மாதம், ஐந்து மாதம். நான் இல்லாமலும் அந்தக் கிளினிக் நன்றாகவே நடந்தது. அந்த ஐந்து மாதமும் எனக்கு வயிறு எரிந்த எரிச்சலை வார்த்தையில் சொல்ல முடியாது. ஒரு தப்பு, ஒரே ஒரு பெரிய தப்பு செய்ய அந்தக் கிழவருக்கு என்ன கேடு என்று தினமும் நினைத்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை புதிய பட்டியல் வந்தது. என்னோடு பிஷ்கெக்கில் படித்த சுபஸ்ரீயின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. அவளே போன் செய்து சொன்னாள், வருத்தப்படாதே, அடுத்ததில் வரும் என்று. ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயிலிலிருந்து பிரசாதம் கொண்டுவந்து கையில் கொடுத்து, ‘என்னாச்சும்மா, பேர் வந்துடுத்தா?’ என்றார். இல்லை என்றேன். அவர் பீரோ பக்கம் பார்த்தார். பலகை அங்கே இருக்கிறது என்று சொன்னேனே.

மறுநாள் திங்கட்கிழமை, பகல் பதினொரு மணி வாக்கில் பவுனம்மாள் வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு வருஷமாக வருகிறவர். மரவள்ளி நட்டு, களை பறித்து, விரல்களெல்லாம் கோணிப்போயிருக்கும். தாவணி காலத்தில் இரண்டு கையாலும் பருத்தி எடுத்தேன், இப்போது சோற்றைப் பிசைய முடியவில்லை என்பார். வரும்போதெல்லாம் அவர் வீட்டுக்காரர் வீரமலை இரண்டு கிழங்கைப் பையில் போட்டுக்கொண்டு வருவார், ஒன்று டாக்டருக்கு, ஒன்று எனக்கு. அந்த அம்மா என்னை எழுதுற பொண்ணு என்று கூப்பிட்டதே இல்லை. முதல் நாளிலிருந்து டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். நான் யாரிடமும் அப்படிக் கூப்பிடச் சொன்னதில்லை. தில்லை நகரிலும் ஸ்ரீரங்கத்திலும் சேர்த்து என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். என் சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மாடத்தில் வைத்திருப்பதாகச் சொல்வார். பேத்தி படித்துச் சொல்வாளாம், அதன்படி ஒருவேளை விடாமல் சாப்பிடுவாராம். அந்த ஒருவேளை விடாமல் என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

அன்று ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, வலிமாத்திரை மட்டும் போதாது, செவ்வாய் மாத்திரையை ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். அவர் பேசினார், நான் டைப் அடித்தேன். ஏழு கட்டத்திலும் டிக் போட்டேன். பிரின்ட் எடுத்தேன், டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஆறு வரிச் சீட்டில் அவர் கட்டங்களைப் பார்ப்பதில்லை, என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அதே நாளில் அதே மாத்திரை இன்னும் மூன்று பேருக்கு எழுதினேன். அவர்களுக்குச் செவ்வாய்க் கட்டத்தில் மட்டும் டிக். நீங்கள் கம்ப்யூட்டரை எடுத்து வைத்திருப்பீர்கள், பார்த்துக்கொள்ளலாம். வக்கீல் இதைத்தான் கைதவறல் என்கிறார். மேடம், அது ஒரு பட்டனை அழுத்தினால் ஏழும் நிரம்புகிற சங்கதி இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக க்ளிக் செய்யவேண்டும். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஒரு தடவை கை தவறும். ஏழு தடவை தவறுமா? அந்த வக்கீல் ஒருநாளாவது டைப் அடித்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார்.

ஆசீரை நீங்கள் விட்டுவிடவேண்டும். அவர் கவனித்தார். உள்ளே எட்டிப் பார்த்து, அக்கா, செவ்வாய் மாத்திரை முப்பதா போட்டிருக்கு, நாலுதானே வரும் என்று கேட்டார். சீட்டில் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். முப்பது நாள் இருக்கு என்றார். அப்புறம் என்ன என்றேன். டாக்டர் புது முறை ஏதோ ஆரம்பித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எண்ணிக் கொடுத்துவிட்டார். அவர் என்ன செய்வார் பாவம், ஒரு வருஷமாக என் சீட்டில் தப்பே பார்த்ததில்லை.

யாரையும் சாகடிக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள். பத்து நாளில் வாய் புண்ணாகும், வாந்தி வரும், ஏதாவது ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள், அங்கே சீட்டைப் பார்ப்பார்கள், யார் எழுதியது என்று கேட்பார்கள். கையெழுத்து டாக்டருடையது. அப்போது விசாரணை வரும். நீ டாக்டரா, நான் டாக்டரா என்ற கேள்வியை வேறு யாராவது அவரைப் பார்த்துக் கேட்பார்கள். அவ்வளவுதான் என் கணக்கு.

அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை வழக்கம்போலப் போன் பட்டியலை எடுத்தேன். பவுனம்மாளின் பெயர் அந்த வாரம்தான் கடைசியில் புதிதாகச் சேர்ந்திருந்தது. வரிசையாக எல்லாருக்கும் பேசினேன், கடைசியில் அவருக்கும் பேசினேன். பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் பட்டியலில் இருக்கிற பெயரை விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். ஒருநாள் விடவில்லை என்றார். பேச்சு குழறியது. பிறகு சொன்னார்.

‘டாக்டரம்மா, வாயெல்லாம் வெந்து கெடக்குதுங்க. தண்ணி கூட எறங்கல. இந்த மாத்திரைதான் ஒத்துக்கலையோன்னு அவரு சொல்றாரு. நிறுத்திடட்டுங்களா? நீங்க சொன்னா நிறுத்திடறேன்.’

இதற்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். உடனே நிறுத்தவேண்டும், அன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும், மாற்று மருந்து ஊசியாகப் போடவேண்டும். ஒன்பதாவது நாள், நேரம் இருந்தது. எனக்கு அப்போது மாமி ஞாபகம் வந்தது, ஹோட்டல் ஹாலில் கோட்டு போட்டவர் ஞாபகம் வந்தது, ரூமில் சிரித்த அந்த ஆள் ஞாபகம் வந்தது. இத்தனை பேர் சேர்ந்து எனக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதைத்தான் ஒப்பித்தேன்.

‘நான் டாக்டர் இல்லைங்கம்மா. சீட்டுல இருக்கறபடி சாப்பிடுங்க.’

சரிங்க டாக்டரம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை யாரும் போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனார். கடைசி மூன்று நாள் மூக்கிலும் வாயிலும் ரத்தம் நிற்கவில்லை என்று வீரமலை கிளினிக் வாசலில் உட்கார்ந்து சொன்னார். கையில் அந்தப் பிளாஸ்டிக் கவர் இருந்தது. அதற்குள் என் சீட்டு கசங்காமல் இருந்தது. முப்பது மாத்திரையில் பன்னிரண்டுதான் பாக்கி இருந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூடக் கையோடு கொண்டுபோய்ச் சாப்பிட்டிருக்கிறார். அங்கே யாரும் அது என்ன மாத்திரை என்று முதல் இரண்டு நாள் கேட்கவில்லை, இந்த அம்மாவும் சொல்லவில்லை. வயிற்றுவலி மாத்திரை, சத்து மாத்திரை எல்லாம் கலந்து ஒரே பையில் இருந்திருக்கிறது.

நான் எதிர்பார்த்த கேள்வி வந்தது. ஆனால் பதில்தான் மாறிப்போயிற்று. டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் என்னைத் திட்டுவார், டைப்பிஸ்ட் செய்தாள் என்று கத்துவார், நான் எல்லார் முன்னாலும், நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன் சார் என்று சொல்வேன் என்று வார்த்தையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் வீரமலையின் கையைப் பிடித்துக்கொண்டு, கையெழுத்து என்னுடையது, தப்பு என்னுடையதுதான் என்றார். எல்லாரும் போனபிறகு என் மேஜைக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

‘பயப்படாதம்மா. ஆனைக்கும் அடி சறுக்கும். நீ வேணும்னா செஞ்ச? வேலை ஜாஸ்தி, கண்ணு ஏமாத்திடுச்சு. நான் பார்த்துக்கறேன்.’

அன்று வந்த கோபம் என் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை. யார் கேட்டார்கள் இவருடைய மன்னிப்பை? வக்கீலிடம் என் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம் என்றாராம். வக்கீல்தான் கேட்காமல் தட்டச்சர் என்று போட்டிருக்கிறார். ஆக, ஒன்பது மாதம் அவர் தப்பை நான் திருத்தினேன், கடைசியில் அவர் என் தப்பை மன்னிக்கிறார். ஊரே அவரைப் பெரிய மனுஷன் என்கிறது. நான் கண் ஏமாந்த பெண். பாவம், தெரியாமல் செய்துவிட்டாள்.

தெரியாமல் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இப்போது நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள், மேடம். இதுவரை நானும் சுற்றி வளைத்துத்தான் வந்தேன். டாக்டர் சொன்னதை மட்டும் எழுதினாய் என்றால், அன்று டாக்டர் கிழமையைச் சொல்ல மறந்துவிட்டாரா என்று கேட்கிறீர்கள். இல்லை. மறக்கவில்லை. மாத்திரையின் பெயரைச் சொன்னார், அளவைச் சொன்னார், செவ்வாய்க்கிழமை மட்டும் என்று சொன்னார். அதோடு நிற்காமல் என் பக்கம் திரும்பி, அந்தம்மாவுக்கு இது புது மாத்திரை, நீயும் ஒருதடவை வாயால் சொல்லிவிடு, நீ சொன்னால்தான் கேட்பார் என்றார். சரி சார் என்றேன், சொல்லவில்லை; அந்தம்மா காதில் விழுந்ததைவிட என் சீட்டைத்தான் நம்புவார். ஐந்து மாதம் காத்திருந்தும் அவர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. அதனால் அவருக்குப் பதிலாக நான் செய்தேன். பவுனம்மாளைக் கொன்றது நான்தான். தினமும் ஒரு மாத்திரை என்று தெரிந்தே எழுதினேன். நிறுத்தட்டுமா என்று கேட்டபோதும் தெரிந்தே சாப்பிடச் சொன்னேன்.

வேறு சொல்ல ஒன்றும் இல்லை. மாஜிஸ்திரேட் முன்னாலும் இதையேதான் சொல்வேன். ரைட்டர் எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், வேகம்தான் போதாது. கடைசிப் பக்கத்தில், டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் என்று சொன்னார் என நான் சொன்ன இடத்தில் ‘மட்டும்’ என்ற சொல்லை விட்டுவிட்டார். நானே என் கையால் சேர்த்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு தப்பைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது, சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான்.